முகமும் பெயரும்: குடும்ப ஒளிப்படக் கலை குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

கலைகளுள் இளையவற்றுள் ஒன்று ஒளிப்படக் கலை. ஓவியமும் சிற்பமும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையன. ஒளிப்படமோ 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான தாகேர் என்பாரின் முறை உலகறிய வெளியிடப்பட்ட பின்னரே பொதுவாழ்வுக்குள் வந்தது. எனினும் இவ்விளைய கலையே இன்று பொருநைக் கரையின் இல்லந்தோறும் குடிபுகுந்துள்ளது. சுவரில் மாட்டிய திருமணப் படமாகவும், பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடக்கும் ஆல்பமாகவும், கைப்பேசியில் குவிந்த எண்ணற்ற படங்களாகவும் அது நம்மோடு வாழ்ந்து வருகிறது. மனிதரையும் குடும்ப நிகழ்வுகளையும் படமெடுக்கும் ஆர்வம் ஒருவர்க்கு எவ்வாறு அரும்புகிறது? அவ்வார்வம் எவ்வாறு கலையாகக் கனிகிறது? அக்கலைக்குரிய அறம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோபுரத்திலிருந்து குடும்பத்திற்கு

காமிரா என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அறை என்பது பொருள். இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியேயுள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், துளை வழியே விழும் சூரிய கிரகணத்தின் பிம்பத்தை ஆராய்ந்து எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என அவர் தம் ஒளியியல் நூலில் நிறுவினார். ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டைப் பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது அவருடைய பணியும் நினைவுகூரப்பட்டது.

தமிழகத்திற்கு இக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. சென்னையில் ஒளிப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அலுவலர், மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களிற் பயணஞ்செய்து எடுத்த படங்கள் 1858இல் தொகுப்புகளாக வெளிவந்தன. அவற்றைக் காண்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். கோபுரங்களும் மண்டபங்களும் மதில்களும் அவற்றில் நிறைந்துள்ளன. மனிதர் மிகச் சிலரே. அரசு அவரிடம் வேண்டியது பழங்கட்டடங்களின் பதிவு என்பது ஒரு காரணம். அந்நாளில் ஒரு படம் பதிவதற்குப் பல நொடிகளோ நிமிடங்களோ வேண்டியிருந்தன என்பது மற்றொரு காரணம். கோபுரம் அசையாது நிற்கும், மனிதர் நில்லார்.

பின்னர் நகரங்களில் ஸ்டுடியோக்கள் தோன்றின. பகலொளி நுழையக் கண்ணாடிக் கூரை வேய்ந்து, மாளிகையோ பூங்காவோ தீட்டிய திரைச்சீலையை முன்னிட்டுக் குடும்பத்தாரை வரிசையாக நிறுத்தினர். தலை அசையாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. நம் பழைய குடும்பப் படங்களில் ஒருவரும் நகையாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சமும் அந்நாளில் மக்களிடையே இருந்தது.

பன்னிரண்டாவது படம்

இவ்விடத்தே எம் அனுபவம் ஒன்றைக் கூற விழைகிறோம். எண்பதுகளின் நடுவில் நாம் கல்லூரி மாணவராயிருந்தபோது, பழைய அக்ஃபா கிளிக் மூன்று காமிரா ஒன்று எம் கைக்கு வந்தது. வெயில், மேகம் எனச் சில அமைப்புகள் மட்டுமே உடைய எளிய கருவி அது. 120 வகைப் பிலிம் சுருள் ஒன்றில் 12 படங்கள் எடுக்கலாம். சுருளின் விலையும் கழுவிப் படியெடுக்கும் கூலியும் மாணவர்க்கு எளியன அல்ல. ஆகவே ஒவ்வொரு படத்தையும் எண்ணியெண்ணி எடுத்தோம். பாபநாசத்து அருவி, குறுக்குத்துறை ஆற்றங்கரை, சுலோச்சன முதலியார் பாலம், வயல்வெளியில் நிற்கும் பனைகள் என 11 படங்கள் முடிந்தன. சுருள் தீர்ந்தால்தானே கழுவக் கொடுக்கலாம்? எஞ்சிய ஒன்றைத் தீர்த்துவிடும் எண்ணத்தோடு, வீட்டு முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மாவை எடுத்தோம். கடைக்குட்டித் தங்கை ஏதோ கேட்க, உம்மா நிமிர்ந்து அவளை நோக்கிய நேரம் அது.

பத்து நாள் கழித்துப் படங்கள் வந்தன. அருவியும் பாலமும் கடைத்தெருவில் விற்கும் வாழ்த்தட்டைகளைப் போலவே இருந்தன. யார் எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். பன்னிரண்டாவது படமோ கைம்மாறிக் கைம்மாறி வீட்டார் அனைவரிடமும் சென்றது. சுளகு அசைந்ததனால் கலங்கியிருந்தது. உம்மாவின் கைகளும் தெளிவாக இல்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஸ்டுடியோ முதியவர் அப்படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்து, “தம்பி, அருவிய நாளைக்கும் போயி எடுக்கலாம், இத எடுக்க முடியாது” என்றார்.

அப்போது எம் வாப்பா வளைகுடா நாட்டில் பணியாற்றிக்கொண்டிருந்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறையே ஊர் வருவார். கடிதத்தோடு அப்படத்தின் படியை அனுப்பினோம். மறுமடலில் அவர் எழுதியதன் சாரம் இது: ஸ்டுடியோவில் எடுத்தனுப்பும் படங்களில் எல்லாரும் விருந்துக்கு வந்தவர்போல் நிற்கிறீர்கள், இந்தப் படத்தில்தான் வீடு தெரிகிறது, இப்படியே இன்னும் அனுப்புங்கள். அன்று தொடங்கியதே மனிதரைப் படமெடுக்கும் எம் ஆர்வம்.

நாற்பத்தெட்டாம் அகவையில்

இவ்வாறு எதிர்பாராது அரும்பிய ஆர்வத்திற்கு உலக வரலாற்றில் சிறந்த சான்று ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், சட்ட அறிஞரான சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, வைட் தீவில் வாழ்ந்தார். கணவர் இலங்கையிலுள்ள காப்பித் தோட்டங்களைக் காணச் சென்றிருந்த வேளையில், தனித்திருக்கும் தாய்க்குப் பொழுதுபோக்காகட்டும் என்று மகளும் மருமகனும் 1863 டிசம்பரில் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாரின் அகவை 48. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகள் அடைந்த கொட்டில் கண்ணாடி மனையாயிற்று. 1864 சனவரியில் அன்னி என்னும் சிறுமியை எடுத்த படத்தைத் தம் முதல் வெற்றி என அவரே குறித்தார்.

கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவும் கடினமான முறை அது. டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் முதலிய பெரியோரை அவர் எடுத்தார். அதே ஈடுபாட்டோடு வீட்டுப் பணிப்பெண்களையும் உறவுக் குழந்தைகளையும் எடுத்தார். அவர்தம் படங்கள் தெளிவற்றவை, விரற்குறி படிந்தவை எனத் திறனாய்வாளர் பலர் பழித்தனர். முகத்தை மிக அணுகி எடுத்த அம்மையாரோ தம் வழியினின்று மாறவில்லை. இன்று அப்படங்கள் உலக அருங்காட்சியகங்களிற் போற்றப்படுகின்றன.

1875இல் கேமரன் குடும்பம் இலங்கையில் குடியேறியது. அங்கும் அவர் படமெடுத்தார். களுத்துறைப் பகுதி மக்களும் தோட்டத் தொழிலாளரும் அவர் காமிராவின் முன் நின்றனர். அவருள் தமிழரும் உண்டு. 1879இல் அவர் இலங்கையிலேயே மறைந்தார். இங்கு நாம் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தில் எடுத்த படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரோடு அறியப்படுகின்றனர். இலங்கைப் படங்களில் இருப்போரோ களுத்துறை நாட்டுப்புறத்தார் குழு என்பது போன்ற தலைப்புகளால் மட்டுமே அறியப்படுகின்றனர். முகம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அப்படத்தைக் கண்டாலும் தம் முன்னோர் என அறிய வழியில்லை.

முதல், கரு, உரி

குடும்பப் படத்தை எவ்வாறு நோக்குவது, எவ்வாறு எடுப்பது என்பதற்குத் தமிழ் மாணவர் வெளியே செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் அகப்பாடலுக்கு வகுத்த முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் முப்பகுப்பு இதற்கும் பொருந்துகிறது.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். ஒளிப்படத்தில் நிலம் என்பது படமெடுக்கும் இடம். பொழுது என்பது ஒளி. நண்பகலில் தலைக்கு நேர்மேலிருந்து விழும் வெயில் கண்குழியை இருளாக்கி முகத்தைக் கடுமையாகக் காட்டும். விடியலிலும் எற்பாட்டிலும் சாய்வாக வரும் ஒளி முகத்தின் மேடுபள்ளங்களை மென்மையாக உணர்த்தும். நம் பழைய வீடுகளின் முற்றமும் திண்ணையும் கூரை நிழலில் நின்று வானொளி பெறுவன. அவற்றினும் சிறந்த ஸ்டுடியோ வேறில்லை.

கருப்பொருள் என்பது படத்துள் வரும் பொருள்கள். சுளகு, அம்மி, தறி, பீடித்தட்டு, சைக்கிள், பள்ளிப்பை ஆகியன அக்குடும்பத்தின் தொழிலையும் காலத்தையும் உரைக்கின்றன. படமெடுக்கும்போது நாணத்தால் இவற்றை நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஐம்பது ஆண்டு கழித்துக் காண்பவர் முதலில் தேடுவது இவற்றையே. மேலப்பாளையத்துத் தறி ஒன்றின் முன் அமர்ந்த நெசவாளரின் படம், அவர் புத்தாடை உடுத்துத் திரைச்சீலை முன் நின்ற படத்தினும் மிகுதியாகப் பேசும்.

உரிப்பொருள் உணர்வு. எம் பன்னிரண்டாவது படத்தை இன்று நோக்குகையில், அதன் உரிப்பொருள் இருத்தல் என்பது எமக்கு விளங்குகிறது. பொருள்வயிற் பிரிந்த கணவர் வருமளவும் இல்லத்தை நடத்தி ஆற்றியிருந்த பெண்ணின் முகம் அது. சங்கத் தலைவன் காடு கடந்தான். எம் வாப்பா கடல் கடந்தார். இருத்தல் ஒன்றே. மெய்ப்பாடு என்பதும் உள்ளத்துணர்வு உடலில் வெளிப்படுதலே. உவகையும் அழுகையும் பெருமிதமும் மருட்கையும், “சிரியுங்கள்” என்று சொன்னவுடன் வாரா. அவை தாமாக முகத்தில் தோன்றும் நொடிக்காகக் காத்திருப்பதே படமெடுப்பவரின் தொழில். காமிராவை எடுக்குமுன் அரைமணி நேரம் உடனிருந்து பேசுக. பிள்ளைகளை எடுக்கும்போது அவர்தம் கண்மட்டத்திற்கு அமர்க. பல படங்கள் எடுத்தாலும் நல்லவற்றுள் சிலவே தேர்க.

இசைவு என்னும் அறம்

இங்ஙனம் காத்திருந்து எடுப்பதில் ஒரு தீங்கும் உண்டு. அறியாது எடுப்பது எளிது. அறிவித்து எடுப்பதே அறம். இந்தியாவின் புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் ராஜா தீன் தயாள், 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கெனத் தனி ஸ்டுடியோ ஒன்றைத் தொடங்கினார். கோஷா காக்கும் குலப்பெண்கள் ஆடவர் முன் வாரார் என்பதால், ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரே அங்குப் படமெடுத்தார். பெண்களின் விருப்பத்தை மதித்து அதற்கேற்பத் தொழிலை மாற்றியமைத்த அச்செயல் பாராட்டத்தக்கது.

இவ்வறத்தில் நாம் ஒருமுறை தவறினோம். எம் உம்மாவின் தாயார் பத்தமடைக்காரர். பாய் முடைவதில் கைதேர்ந்தவர். தம்மைப் படமெடுக்க அவர் ஒருபோதும் இசைந்ததில்லை. ஆர்வ மிகுதியால், பகலில் அவர் அயர்ந்து உறங்கும் வேளையில் படமெடுத்துவிட்டோம். படம் நன்றாகவே வந்திருந்தது. மகிழ்வார் என்று கருதிக் கையிற் கொடுத்தோம். நெடுநேரம் அதனை நோக்கிய அவர், “என்னைய ஒரு வார்த்த கேட்டியா, வாப்பா?” என்று மட்டும் கேட்டார். சினந்து பேசியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும். படத்தையும் நெகடிவையும் அவரிடமே ஒப்படைத்தோம். அவற்றை அவர் என் செய்தார் என்று எவரும் கேட்கவில்லை. மூன்றாண்டிற்குப் பின் அவர் மறைந்தார். இன்று எம் குடும்பத்தில் அவர் படம் இல்லை. அவ்வின்மை எம்மை வருத்துவது உண்மை. எனினும் ஒப்படைத்தது தவறு என ஒருநாளும் எண்ணியதில்லை.

பாயில் நெய்த பெயர்

அவர் விட்டுச் சென்றது ஒரு பாய். பொருநைக் கரையில் விளையும் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, நூற்பாவில் இட்டு முடைவது பத்தமடைப் பாய். புவிசார் குறியீடு பெற்ற இக்கைவினையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவோர் பெரும்பாலும் அவ்வூர் முஸ்லிம் குடும்பத்தினர். திருமணத்திற்கென முடையும் பட்டுப்பாயில் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் மணநாளையும் சேர்த்து நெய்து கொடுப்பது வழக்கம். எம் பாட்டியார் பெயரும் அவர்தம் கணவர் பெயரும் அப்பாயில் இன்றும் மங்காமல் உள்ளன.

பாயில் பெயர் உண்டு, முகம் இல்லை. நம் ஆல்பங்களிலோ முகம் உண்டு, பெயர் இல்லை. பழைய குழுப்படம் ஒன்றை எடுத்து நோக்குக. முன்வரிசையில் அமர்ந்திருப்போர் யார், ஓரத்தில் நிற்கும் சிறுவன் யார் என்பதைச் சொல்லவல்ல முதியவர் ஒருவரோ இருவரோ வீட்டில் இருப்பர். அவர் மறைந்த நாளில் அப்படத்திலுள்ளோர் அனைவரும் மீண்டும் ஒருமுறை மறைகின்றனர். களுத்துறை மக்களுக்கு நேர்ந்தது நம் வீட்டாருக்கும் நேரலாம்.

ஸ்டுடியோக்களின் நிலையும் இதுவே. தொழில் நலிந்தபோது நெகடிவுகள் பல குப்பையிற் சேர்ந்தன. அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் பல விற்கப்பட்டன. நீலகிரியில் 1960இல் நிறுவப்பெற்று இந்து என்னும் பெயரில் பிலிம் விற்ற அரசு ஆலையும் மூடப்பட்டுவிட்டது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப்படி எடுத்துக் காத்து வந்துள்ளது. நிறுவனங்கள் ஸ்டுடியோவைக் காக்கலாம். வீட்டுப் பெட்டியை வீட்டாரே காத்தல் வேண்டும்.

வெள்ளமும் படமும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பொருநைப் பகுதி கண்ட பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. வீடுகளிற் புகுந்த நீர் நெல்லையும் துணியையும் மட்டுமன்றிப் பல தலைமுறைப் படங்களையும் நனைத்தது. நனைந்த ஆல்பத்தை வெயிலில் உலர்த்திப் பின்னர் பிரிக்க முயன்றோர் படங்களை இழந்தனர். இதற்குரிய காரணத்தை அறிதல் நலம். தாளின்மேல் உருவத்தைத் தாங்கி நிற்பது எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பசை. நீர் பட்டால் அது பருத்து இளகும். ஒன்றன்மேல் ஒன்றாக உலர்ந்தால் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

எனவே நனைந்த படங்களை ஒட்டியவாறே உலரவிடலாகாது. ஈரம் உள்ளபோதே தூய குளிர்ந்த நீரில் இட்டு மெல்லப் பிரித்தல் வேண்டும். உருவமுள்ள பக்கத்தை விரலால் தொடாமல் சேற்றை நீரில் அலசி, படம் மேல்நோக்கியிருக்கத் தூய பருத்தித் துணியில் பரப்பி, நிழற்காற்றில் உலர்த்துக. கண்ணாடிச் சட்டத்திலுள்ள படத்தை ஈரம் உலருமுன் வெளியே எடுத்துவிடுக. இருநாளுக்குள் எல்லாவற்றையும் பிரிக்க இயலாவிடில், பிளாஸ்டிக் உறையிலிட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துப் பின்னர் சிறிது சிறிதாகப் பிரிக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மனிதரைப் படமெடுக்கும் ஆர்வம் விலையுயர்ந்த கருவியால் பிறப்பதன்று என்பதும், உடன் வாழ்வோரை உற்று நோக்குவதால் பிறப்பது என்பதும் பெறப்படும். படமெடுக்குமுன் இசைவு கேட்டலும், எடுத்தபின் பெயர் எழுதலும் இக்கலைக்குரிய இரண்டு அறங்கள் என்பதும் விளங்கும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்திலுள்ள பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூத்தோர் அருகில் அமருங்கள். படத்திலுள்ளோர் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறத்தில் அழுத்தாது எழுதுங்கள். பேனா மை கசிந்து முன்புறத்தைக் கெடுக்கும். கைப்பேசியிலுள்ள படங்களுள் சிலவற்றையேனும் தாளில் படியெடுத்து வையுங்கள்.

எம் பன்னிரண்டாவது படத்தின் பின்புறத்தில் உம்மாவின் பெயரையும் தங்கையின் பெயரையும் அண்மையில்தான் எழுதினோம். தங்கை அன்று என்ன கேட்டாள் என உம்மாவிடம் வினவினோம். “வாப்பா எப்ப வருவாகன்னு கேட்டா” என்றார். அதனையும் எழுதி வைத்தோம்.